ஊரிகம் கடலில் ஒரு கன்மலை

கையில் கேமரா வந்ததும் மனிதனுக்கு முதலில் கெட்டுப்போவது கண். நேற்றுவரை மரத்தை மரமாகவும் மாட்டை மாடாகவும் பார்த்தவன், மறுநாளிலிருந்து மரத்தில் ஒளியையும் மாட்டில் கோணத்தையும் தேட ஆரம்பித்துவிடுவான். எதிரே ஒரு முழு மனிதர் உட்கார்ந்திருந்தால் மட்டும் தெரியாது. இதை நான் எங்கேயோ படித்துவிட்டுச் சொல்லவில்லை. ஊரிலேயே மரியாதைக்குரிய ஒருவரை வைத்துச் சோதித்துப் பார்த்து, வழவழப்பான காகிதத்தில் அச்சடித்து, சபையார் எல்லோருக்கும் இலவசமாக விநியோகமும் செய்தவன் நான்.

அப்போது எனக்குக் கல்யாண வயது. (அதாவது, ஆகிவிட்டது என்று அம்மா தினமும் சொல்லிக்கொண்டிருந்த வயது.) கோலார் தங்கவயலில், அதாவது கே.ஜி.எஃப்.பில், பாதிப் பேரைப் போல நானும் விடியற்காலை ரயிலேறி பெங்களூருக்குப் போய், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டு, இருட்டிய பிறகு ஊரிகம் ஸ்டேஷனில் வந்து இறங்குகிற ரகம். விடுமுறை நாளில்தான் சொந்த ஊரை வெளிச்சத்தில் பார்ப்பேன். அப்படிப் பார்த்ததில் ஊர் திடீரென்று அழகாகத் தெரிந்துவிட்டது. கேமரா வாங்கினேன். அன்று முதல் தைலமரத் தோப்பு, பேத்தமங்கலம் ஏரி, சாலையோரத்துக் கற்பாறை என்று எதையும் விட்டுவைக்கவில்லை.

அதே ரயிலில் எஸ்தரும் வருவாள். பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை. முதலில் ஜன்னலோர இடத்துக்குச் சண்டை போட்டோம், பிறகு சப்பாத்தியைப் பங்கு போட்டோம். அதன் பிறகு நடந்ததை நான் சொல்லவேண்டியதில்லை. அவளைக் கட்டிக்கொள்ளாவிட்டால் அந்த ரயிலிலேயே இனி ஏறக்கூடாது என்று நான் முடிவெடுத்திருந்தேன். வேலைக்குப் போக வேறு ரயில் கிடையாது என்பதால் அது உண்மையிலேயே பெரிய முடிவு.

குறுக்கே நின்றவர் அவளுடைய அப்பா. ஜேக்கப் அங்கிள் சுரங்கம் மூடும் வரை நிலத்தடியில் வேலை பார்த்தவர். பிறகு எங்கள் சபையின் செயலாளர். அதோடு நிற்காமல் சுகாதாரத்தையும் கையிலெடுத்திருந்தார். சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாக எங்கள் லைன் வீடுகளைக் கட்டியபோது வீட்டுக்கொரு கக்கூஸ் வேண்டும் என்று வெள்ளைக்காரனுக்குத் தோன்றவில்லை. இப்போது அநேகமாக எல்லோரும் கட்டிக்கொண்டுவிட்டார்கள். ஆனாலும் பழைய ஆட்கள் சிலர் காலையில் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வெளியே போவதை விடவில்லை. ஷிஃப்டுக்கு எழுந்தே பழகிய உடம்பு. சுரங்கத்துச் சைரன் நின்றுபோனாலும் வயிற்றுக்குள் அது அடித்துக்கொண்டிருந்தது. அப்படிப் போகிறவர்களைப் பார்த்தால் அங்கிள் கழுத்தில் மாட்டியிருக்கும் விசிலை எடுத்து ஊதுவார். ஞாயிறு ஆராதனையில் அறிவிப்பு வாசிக்கும்போதும், யார் யார் என்று பெயர் சொல்லாமல், ஆனால் அவர்கள் உட்கார்ந்திருக்கும் பெஞ்சைப் பார்த்தே பேசுவார்.

எஸ்தர் என்னைப் பற்றி வீட்டில் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்றாம். "கேமராவ மாட்டிகினு ஏரியில தண்ணி பாத்துகினு நிக்கிறவன், குடும்பத்த எப்போ பாப்பான்?"

நியாயமான கேள்விதான்.

இந்தச் சமயத்தில்தான் சபைக் காலண்டர் வந்து சேர்ந்தது. வருஷா வருஷம் எங்கள் காலண்டரில் பனி மூடிய ஏதோ வெளிநாட்டு மலை இருக்கும், கீழே வசனம் இருக்கும். அந்த வருஷம் பாஸ்டருக்கு ஒரு யோசனை. கர்த்தர் நம் ஊரையும்தானே படைத்தார், நம் ஊர்ப் படங்களையே போட்டால் என்ன என்றார். காலண்டர் கமிட்டிக்கும் ஜேக்கப் அங்கிள்தான் தலைவர். சபையில் கேமரா வைத்திருந்தவன் நான் ஒருவன். வேறு வழியில்லாமல் என்னைக் கூப்பிட்டார்.

வசனங்களை பாஸ்டர் ஏற்கனவே தேர்ந்தெடுத்துவிட்டார்: காடு, ஏரி, வயல், மலை, சூரியோதயம் என்று இரண்டு மாதத்துக்கு ஒரு பக்கம். எல்லாவற்றுக்கும் முதலில், ஜனவரி பிப்ரவரிக்கு, கடல். நம் ஊரில் கடலுக்கு எங்கே போவது என்று கேட்டேன். அங்கிள் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"மண்ணுக்கடியில தங்கம் கீதுன்னு எவனோ தேடித்தானே கண்டுபிடிச்சான்? நீயும் தேடு. காலண்டர் நல்லா வரட்டும் தம்பி. அப்பறம் உங்க அம்மாவ கூட்டிகினு வா, பேசலாம்."

காலண்டர் நல்லா வந்தால் எஸ்தர். இல்லாவிட்டால் ரயிலும் இல்லை. விஷயம் அவ்வளவு தெளிவாகிவிட்டது.

காடு சுலபமாக முடியும் என்று நினைத்தேன். எங்கள் ஊரில் சினிமாக்காரர்கள் வந்துபோனதிலிருந்து கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு யாரும் தனியாக நடக்க முடியாது. தைலமரத் தோப்பில் நான் ஒரு மரத்தைப் பார்த்து நின்ற கொஞ்ச நேரத்தில், ஆடு மேய்க்க வந்தவர் தலையை வாரிக்கொண்டு எதிரில் வந்து நின்றார். இது காலண்டருக்கு, மரம் மட்டும்தான் வேண்டும் என்று சொன்னேன். மனிதர் நம்பவில்லை. ஆட்டுக்காவது ஒரு சான்ஸ் கொடுங்கள் என்றார். காட்டின் படத்தில் ஓர் ஆடு இருப்பது அதனால்தான். பேத்தமங்கலம் ஏரியில் எருமைகள் என்னைவிட முன்னாலேயே வந்து இடம் பிடித்திருந்தன. அவையும் காலண்டரில் இருக்கின்றன.

கடல்தான் பாக்கி. மதராஸுக்குப் போய் எடுத்துவரலாம் என்றால் பாஸ்டரின் நிபந்தனை இடித்தது. எல்லாம் நம் மண்ணாக இருக்கவேண்டும். யோசித்துக்கொண்டே ரயிலில் வந்துகொண்டிருந்தபோது ஜன்னலில் தெரிந்தது, டம்ப்.

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லவேண்டும். தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சிய பொடி மண்ணை வருஷக்கணக்காகக் கொட்டிக் கொட்டி மலைமலையாகக் குவித்திருக்கிறார்கள். சயனைடு டம்ப் என்று பெயர். சாம்பலும் வெள்ளையும் கலந்த நிறம். புல் பூண்டு அதிகம் முளைக்காது. மழை பெய்தால் அடிவாரத்தில் தண்ணீர் குளமாகக் கட்டி நிற்கும். அந்த வருஷம் டிசம்பர் வரைக்கும் மழை. தரையோடு தரையாகப் படுத்து, கரையிலிருந்து பார்த்தால் முன்னால் ஈர மணல், அப்புறம் தண்ணீர், அதற்கப்பால் பனி. கடலுக்கு வேறு என்ன வேண்டும்? உப்புத்தானே? உப்பு படத்தில் தெரியாது.

ஒரு சனிக்கிழமை, விடியத் தொடங்கும் நேரத்தில் போய்ச் சேர்ந்தேன். வயிறு சேற்றில் பட குப்புறப் படுத்தேன். மூக்குக் கண்ணாடி கேமராவில் இடித்ததால் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். (இந்த ஒரு வாக்கியத்தைத்தான் எஸ்தர் இன்றும் சத்தம்போட்டு வாசிக்கச் சொல்வாள்.) காற்று வீசி, தண்ணீரில் சின்னச் சின்ன அலை எழுந்தது. தண்ணீரின் விளிம்பில், பனிக்குள், இருண்ட பாறை ஒன்று. அதன் பக்கத்தில் வெள்ளையாக ஒரு கொக்கு. எனக்கு மெய் சிலிர்த்துவிட்டது. முன்புறத்தில் கண் நிற்பதற்கு ஒரு பொருள் வேண்டும் என்று வீடியோக்களில் சொல்லிச் சொல்லி உயிரை எடுப்பார்கள். ஆண்டவரே அதை வைத்துவிட்டார் என்று நினைத்தேன்.

கொக்கு அசையவே இல்லை. நல்ல கொக்கு என்று மனதுக்குள் பாராட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என் சட்டையைப் பார்த்தாள். நான் கடலை எடுத்துவிட்டேன் என்றேன். எந்த எருமைகூடக் கடலில் குளித்தாய் என்று கேட்டுவிட்டு வாளியை என் முன்னால் வைத்தாள்.

அச்சுக்குப் போகும் முன் படங்களைக் கமிட்டிக்குக் காட்டவேண்டும். ஜேக்கப் அங்கிளின் போனுக்கு அனுப்பிவிட்டு, நேரிலும் போய் நின்றேன். அவர் போனைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, தலையைப் பின்னால் சாய்த்துப் பார்த்தார். கடல் வந்ததும் அவர் முகம் கனிந்தது. எங்கே எடுத்தாய் என்று கேட்டார். நம் மண்தான் அங்கிள், காலண்டர் வரட்டும், சபையாரே கண்டுபிடிக்கட்டும் என்றேன். அந்த ஓரத்துப் பாறை கொஞ்சம் உறுத்தலாகத் தெரிகிறது, கம்ப்யூட்டரில் எடுத்துவிடவா என்றும் கேட்டேன். நான் வாழ்க்கையில் கேட்ட ஒரே புத்திசாலித்தனமான கேள்வி அது.

"எடுத்துடாத" என்றார் அங்கிள். "கன்மலை இல்லாத கடல் இன்னாத்துக்கு? அதுதான்பா படத்துக்கே அழகு."

எங்கள் ஆட்கள் பாறையைக் கன்மலை என்றுதான் சொல்வார்கள். வேதத்தில் அப்படித்தான் வரும். செயலாளரே சொல்லிவிட்டார். கன்மலை அச்சுக்குப் போனது.

புத்தாண்டுக் காலை ஆராதனை முடிந்ததும் வாசலில் வைத்துக் காலண்டர் கொடுத்தார்கள். அன்று நல்ல குளிர். ஜேக்கப் அங்கிள் கறுப்புக் கோட்டும், பச்சையில் சிவப்புப் பட்டை போட்ட குரங்குக் குல்லாவுமாக நின்று, கைகொடுத்துக் கைகொடுத்து ஒவ்வொன்றாக வழங்கினார். குல்லா எஸ்தரின் அம்மா சொந்தக் கையால் பின்னியது. கே.ஜி.எஃப்.பில் வேறு யாரிடமும் அப்படி ஒன்று கிடையாது. நான் இரண்டடி தள்ளி, பாராட்டுகளை வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றிருந்தேன். அம்மா புதுப் புடவையில் என் பக்கத்தில்.

முதலில் பிரித்தவர் பாடகர் குழுவின் மேரியக்கா. ஐயோ கடல், எவ்வளவு அழகு என்றார். அடுத்தவர் பிரித்து, கடலா, இது நம்ம டம்ப்புதானே என்றார். அவ்வளவுதான். எங்கள் ஊர்க்காரனுக்கு டம்ப்பை எந்தப் பக்கத்திலிருந்து காட்டினாலும் தெரியும். சொந்த மாமனைப் பின்னாலிருந்து பார்த்தால் தெரியாதா? இது ஊரிகம் பக்கத்துச் சரிவு, இல்லை ஸ்கெலட்டன் ஏரியா பக்கம் என்று அங்கேயே இரண்டு கட்சி பிரிந்தது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இதுவரைக்கும் எனக்கு வெற்றிதான்.

அப்போது மேரியக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, படத்தை மூக்குக்கு அருகில் கொண்டுபோனார்.

"இன்னாபா இது, கன்மலைக்குக் குல்லா போட்டுக்கீது?"

வாசல் முழுக்கக் காலண்டர்கள் மூக்கை நோக்கி உயர்ந்தன. என் கையிலிருந்ததும் உயர்ந்தது. போனில் கடுகாக இருந்தது, அச்சில் கத்தரிக்காய் அளவுக்கு வந்திருந்தது. பச்சைக் குல்லா. சிவப்புப் பட்டை. குந்தி உட்கார்ந்து, தியானத்தில் இருப்பவர் போல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்த உருவம். பக்கத்தில் இருந்தது கொக்கு இல்லை, வெள்ளை பிளாஸ்டிக் டப்பா.

காலண்டர்கள் மெதுவாக இறங்கின. எல்லாத் தலைகளும் ஒரே திசையில் திரும்பின. அங்கே அதே குல்லாவோடு, கையில் மிச்சக் காலண்டர்களோடு, ஜேக்கப் அங்கிள் நின்றிருந்தார். கழுத்தில் விசில்.

யாரும் உடனே சிரிக்கவில்லை. அந்த மரியாதை இருந்தது. பிறகு, அவரிடம் பலமுறை விசில் வாங்கியிருந்த ஒரு பெரியவர் மட்டும் இருமுவது போல் ஆரம்பித்தார். அதற்கப்புறம் பாஸ்டர் உட்பட யாராலும் முடியவில்லை. அங்கிள் குல்லாவைக் கழற்றிக் கோட்டுப் பைக்குள் வைத்தார். மிச்சக் காலண்டர்களைத் திண்டின்மேல் அடுக்கினார். யாரையும் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தார். அந்த நடையைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு போய்விட்டது. இத்தனை வருஷம் ஊர் மதித்த மனிதரை நான் ஒரே காலையில் உரித்துக் காட்டியிருந்தேன். அவர் பின்னாலேயே போன எஸ்தர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை இங்கே எழுதினால் அவள் மறுபடியும் பார்ப்பாள்.

மறுநாளிலிருந்து ரயிலில் அவள் பெண்கள் பெட்டிக்கு மாறிவிட்டாள். நான் தனியாகச் சப்பாத்தி தின்றேன்.

புத்தி உள்ளவன் அத்தோடு சும்மா இருந்திருப்பான். நான் பரிகாரம் தேடினேன். பெங்களூரில் ஸ்டிக்கர் அடிக்கும் கடை ஒன்றில், அந்த உருவம் சரியாக மறைகிற அளவுக்குப் பாய்மரப் படகு ஸ்டிக்கர் செய்தேன். வீடு வீடாகப் போய், காலண்டரைக் கேட்டு, கன்மலை மேல் படகை ஒட்டினேன். நாலைந்து லைன் முடித்த பிறகுதான் அளவு தவறு என்று தெரிந்தது. குல்லா மட்டும் பாய்க்கு மேலே எட்டிப் பார்த்தது. டப்பாவும் வெளியே. முன்பு கரையில் உட்கார்ந்திருந்தவர், இப்போது படகேறி நடுக்கடலுக்குப் போய் உட்கார்ந்திருப்பதாக ஆகிவிட்டது. முன்பு பார்த்துச் சிரித்து முடித்திருந்தவர்களும் புதிதாகப் பார்க்கக் கிளம்பினார்கள். வேறு சபைக்காரர்கள்கூட, ஒரு காலண்டர் கிடைக்குமா என்று கேட்டு வந்தார்கள்.

சேதி அம்மாவுக்குப் போனது. அன்று மாலையே என்னைக் கையோடு இழுத்துக்கொண்டு ஜேக்கப் அங்கிள் வீட்டுக்குப் போனாள். பேசப் போகிறோமா, மன்னிப்புக் கேட்கப் போகிறோமா என்று வழியில் கேட்டேன். முதலில் நீ வாயை மூடிக்கொண்டு வா என்றாள்.

அங்கிள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எங்களை உட்காரச் சொன்னார், ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை. விசில் சுவரில் ஆணியில் தொங்கியது. தப்பெல்லாம் என்னுடையதுதான் அங்கிள், தெரியாமல் எடுத்துவிட்டேன் என்றேன்.

"நீ எடுத்தது தப்பு இல்ல தம்பி" என்றார். "ஊரெல்லாம் விசில் ஊதிட்டு நான் போய் அங்க ஒக்காந்தேன் பாரு, அதான். இனிமே எந்த மூஞ்ச வச்சிகினு அறிவிப்பு வாசிப்பேன்?"

எனக்கு அந்த இடத்திலேயே கேமராவை உடைத்துவிடலாம் போல் இருந்தது. எஸ்தர் கதவருகே தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அப்போது அவளுடைய அம்மா, அதுவரை அடுப்படியில் பாத்திரங்களைத் தேவைக்கு மேல் சத்தமாக உருட்டிக்கொண்டிருந்தவர், முந்தானையில் கையைத் துடைத்தபடி வெளியே வந்தார். அவர் இடுப்பில் ஒரு சாவி தொங்கியது.

"அந்த மனுசனை ஒண்ணும் சொல்லாதீங்க. பாத்ரூம் சாவி என்கிட்டதான் கீது. அக்டோபர்லயே புதுசா டைல்ஸ் போட்டோம், நான்தான் பூட்டி வச்சிட்டேன். அவரு காலையில கதவத் தட்டித் தட்டிப் பாத்துட்டு வெளிய போனாரு."

எதற்காகப் பூட்டினீர்கள் என்று என் அம்மா கேட்டாள்.

"முதல் முதல்ல உங்க வீட்டு ஜனம் வர்றப்போ புதுசா இருக்க வேணாமா? பொண்ணு கேட்டு வர்றவங்க முன்னாடி மானம் போவக் கூடாதுன்னுதான்."

எனக்கு மெதுவாகத்தான் ஏறியது. டைல்ஸ் போட்டது அக்டோபரில். காலண்டர் பேச்சே அப்போது கிடையாது. அங்கிளிடம் திரும்பி, அப்படியானால் முன்னாலேயே சம்மதித்துவிட்டீர்களா என்று கேட்டேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, தன் மகளுக்குப் பிடித்தது தனக்கும் பிடித்த மாதிரிதான், ஆனால் கேட்ட உடனே கொடுத்துவிட்டால் பெண் வீட்டுக்கு மதிப்பு இருக்காது, அதனால்தான் காலண்டர் வேலையைக் கொடுத்து இழுத்தடித்ததாகச் சொன்னார். எனக்காக டைல்ஸ் போட்ட கக்கூஸ் பூட்டியிருந்ததால் குளிரில் டம்ப்புக்கு நடந்த மனிதரைத்தான் நான் படம் பிடித்திருக்கிறேன். தரை பிளந்து ஏதாவது பழைய சுரங்கத்துக்குள் போய்விட்டால் தேவலை என்று இருந்தது. (எங்கள் ஊரில் அது நடக்கக்கூடிய காரியம் என்பதால் கொஞ்சம் காத்தும் பார்த்தேன்.)

அம்மாதான் எழுந்தாள். எஸ்தரின் அம்மா முன்னால் போய்க் கையை நீட்டினாள்.

"சாவி குடுங்க."

கொடுத்தார். அம்மா உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். நாங்கள் நால்வரும் வெளியே, வேதபாடம் கேட்பவர்கள் மாதிரி அமைதியாக உட்கார்ந்திருந்தோம். தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அம்மா வெளியே வந்து, கையைப் புடவையில் ஒற்றிக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நல்லா கீது" என்றாள். "எங்களுக்குச் சம்மதம்."

முதலில் சிரித்தவர் ஜேக்கப் அங்கிள். கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தார். அடுத்த ஞாயிறு அதே குல்லாவைப் போட்டுக்கொண்டு வந்து அறிவிப்பு வாசித்தார். எல்லோரும் வீட்டிலேயே போங்கள், இல்லையென்றால் என் மாப்பிள்ளை வந்து படம் எடுப்பான் என்றார். விசில் செய்யாததை அந்த ஒரு பயமுறுத்தல் செய்தது.

கல்யாணத்தில் என் பக்கத்தில் கேமராவே வரக்கூடாது என்று, அங்கிளிலிருந்து மாமாவாகிவிட்ட ஜேக்கப் நிபந்தனை போட்டார், நானும் ஒப்புக்கொண்டேன். ஆனால் அந்தக் காலண்டர் மட்டும் வருஷம் போன பிறகும் அவர் வீட்டுச் சுவரைவிட்டு இறங்கவில்லை. என் மகள் பேச ஆரம்பித்ததும், சாப்பாடு ஊட்டும்போதெல்லாம் அதைக் காட்டித்தான் எஸ்தரின் அம்மா சோறு இறக்குவார். தோ பாரு கடலு, தோ பாரு தாத்தா.

போன மே மாதம் எல்லோருமாகச் சென்னைக்குப் போயிருந்தோம். மகள் நிஜக் கடலைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. சாயங்காலம், கரை முழுக்க ஜனம். அவள் அலையைப் பார்த்தாள், மணலைப் பார்த்தாள், இரண்டு பக்கமும் எதையோ தேடினாள். பிறகு மாமாவின் கையைப் பிடித்து இழுத்து, சுண்டல்காரரெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி கேட்டாள்.

"தாத்தா, நீ ஒக்காரலையா?"

மாமா வேட்டியைச் சரிசெய்துகொண்டு, கரையை ஒரு முறை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நிதானமாகப் பார்த்தார்.

"இங்க ஜனம் ஜாஸ்தி கண்ணு" என்றார். "ஊருக்குப் போயி பாத்துக்கலாம்."